செம்மண் நிறம்

படிவம் மூன்றில் படித்தபோது எங்கள் பள்ளியில் ஓவியப் போட்டி நடந்தது. தலைப்பு, ‘என் ஊர்’. நான் இரண்டு பனிமலைகளையும் அவற்றின் நடுவே எழும் சூரியனையும் வரைந்தேன். நாள்காட்டியில் பார்த்த படம் அது. ஓவிய ஆசிரியர் என் தாளைக் கையில் எடுத்தார். “தம்பி, குளுவாங்கில் எப்போது பனி பெய்தது?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது.

குளுவாங்கிற்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். தூரத்தில் லம்பாக் மலை தெரியும். தோட்டத்துச் செம்மண் என் வெள்ளைச் சப்பாத்தில் ஒட்டிக்கொள்ளும். பட்டணத்து நண்பர்கள் பார்க்கும் முன்னே அதைத் துடைத்துவிடுவேன். துடைத்து மறைத்த ஊரை எப்படி வரைவது?

பள்ளி முடிந்ததும் ஆசிரியர் என்னை அழைத்து, ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்கம் நிறையக் கறுப்பு வட்டமும், அதைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளும். வரைந்தவர் சையது ஹைதர் ரசா. 1922-இல் மத்தியப் பிரதேசத்தின் காட்டோரச் சிற்றூரில் பிறந்தவர். வனத்துறை ஊழியரின் மகன். 1950-இல் ஓவியம் பயிலப் பாரிசுக்குச் சென்ற அவர், ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் பிரான்சிலேயே வாழ்ந்தார்.

தென் பிரான்சில், மத்தியதரைக் கடலுக்கு மேலே, கோர்பியோ என்னும் மலைக்கிராமத்திலும் அவருக்கு ஓவியக்கூடம் இருந்தது. அங்கே ஆலிவ் மரங்களும் பாறைகளும் கீழே நீலக் கடலும் உண்டு. தெளிந்த வெயிலில் ஒவ்வொரு நிறமும் மற்றொன்றோடு குழம்பாமல் தனித்து நிற்கும். தொடக்கத்தில் ரசா அந்நாட்டு வீடுகளையும் தேவாலயங்களையும் வரைந்தார். நாளடைவில் வீடுகள் மறைந்தன. நிறங்கள் மட்டும் நின்றன. 1980ஆம் ஆண்டையொட்டி அவருடைய ஓவியங்களின் நடுவே ‘பிந்து’ என்னும் புள்ளி வந்து அமர்ந்தது. மனம் அலைபாய்ந்த சிறுவனாக இருந்தபோது, அவருடைய ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு அதையே பார்க்கச் சொன்னாராம். அந்தப் புள்ளிதான் இது!

“அயலூர் வெயில் அவருக்கு நிறங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுத் தந்தது. ஆனால், அவர் தீட்டியது தம் ஊர் மண்ணை. உன் ஊருக்கும் ஒரு வெயில் இருக்கிறது, போய்ப் பார்” என்றார் ஆசிரியர்.

அன்று மாலை மழை விட்டதும் வாசலில் நின்றேன். சாய்ந்த வெயிலில் ஈரச் செம்மண் சாலை தணலைப் போல ஒளிர்ந்தது. செம்பனை ஓலைகளின் நிழல் அதன்மேல் கருநீலமாக விழுந்தது. தினமும் மிதித்த சாலைதான், அன்றுதான் பார்த்தேன். உடனே வரையத் தொடங்கினேன். வேலை முடிந்து வந்த அப்பா, கை கழுவாமலேயே குனிந்து பார்த்தார். “நம்ம ரோடுதானேடா இது?” என்றார். போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. அப்பாவோ அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டார்.

முதுமையில் ரசா இந்தியாவுக்குத் திரும்பினார். 2016-இல் மறைந்த அவரை, நர்மதை ஆறு பாயும் மண்டலாவில், தந்தையின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தனர். செய்தியைப் படித்தபோது சுவரை நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. செம்மண் சாலையின்மேல் தார் போட்டுவிட்டார்கள். அதன் நிறம் அந்தப் படத்தில் மட்டும் இருக்கிறது.

இப்போதெல்லாம் நான் சப்பாத்தைத் துடைப்பதில்லை.