மணியடித்தும் கேளாத காது

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

எங்கள் ஊரிலிருந்து கடல் கடந்து போனவர் பலர். என் தந்தையும் அவர்களுள் ஒருவர். "அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார்" என்று சொன்னால் கேட்பவர் கண்முன்னே வானளாவிய கட்டிடங்களும் கப்பல்களும் தோன்றும். அப்பா வேலை செய்வது கட்டிடத்திலும் அன்று, கப்பலிலும் அன்று, புல்லில். அந்நகரின் பூங்காக்களில் புல் வெட்டுவது அவர் தொழில். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது போனவர், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வருவார். வந்தால் எங்கள் வயல் வரப்பில் வளர்ந்த புல்லைப் பார்த்துச் சிரிப்பார். "இதை வெட்டினா எனக்கு யாரு சம்பளம் குடுப்பா?" என்பார்.

புல் வெட்டும் மெஷின் தோளில் மாட்டிக்கொள்வது. பெட்ரோலில் ஓடுவது. நீண்ட குழாயின் நுனியில் நைலான் நரம்பு சுழன்று புல்லை அறுக்கும். கல் தெறிக்கும் என்பதால் முகத்துக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு. இரைச்சல் செவியைக் கெடுக்கும் என்பதால் காதுக்கு ஒரு மூடி. இந்தக் காதுமூடியைப் பற்றித்தான் நான் எழுதப் புகுந்தேன். கட்டுரையின் பாதியில் மிதிவண்டியும் வேகமும் சட்டமும் வந்து நுழைந்துகொண்டால் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். அவை அப்பாவின் வாழ்விலும் அப்படித்தான் நுழைந்தன.

2024 ஆம் ஆண்டு மார்ச் மாதம். நான் முதலாம் ஆண்டு. வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை முகம் பார்த்துப் பேசும் அப்பா, திடீரென்று "நெட் சரியில்லை" என்று குரல் மட்டும் கேட்கும்படி பேசலானார். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆனால் போனை வைத்த பின் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நான்காம் வாரம், அப்பாவுடன் ஒரே டார்மிட்டரியில் தங்கியிருக்கும் பக்கத்துத் தெரு அண்ணன் விடுமுறையில் வந்தார். வந்தவர் வாய் தவறி, "சித்தப்பாவுக்குக் கட்டு பிரிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டார். அன்றிரவு அம்மா போன் செய்து, "மூஞ்சியக் காட்டுங்க" என்றார். அப்பா காட்டினார். இடக்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமைக் காலை. பூங்காவின் பெயர் வேண்டாம். நடப்போரும் ஓடுவோரும் குழந்தை வண்டி தள்ளுவோரும் மிதிவண்டி ஓட்டுவோரும் ஒரே பாதையில் செல்லும் இடம். ஒரு வளைவில் செடிகள் அடர்ந்து நின்றன. அப்பா பாதையின் விளிம்புப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக ஓர் ஆள் சற்றுத் தள்ளி நின்று வருவோரைக் கவனித்து, அப்பாவின் முதுகைத் தொட்டு எச்சரிப்பார். அன்று அவரை வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வளைவைத் திரும்பி ஒரு மவுண்டன் பைக் வந்தது. ஓட்டியவன் மணியடித்தான். ஒரு முறை அன்று, பல முறை. அப்பாவுக்குக் கேட்கவில்லை. வெட்டிய புல்லைப் பார்ப்பதற்காக ஓரடி பின்னால் வைத்தார். அவ்வளவுதான்.

பையனுக்குப் பதினாறு வயதிருக்குமாம். ஓடிப்போகவில்லை. தன் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்து, அப்பாவின் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்துகொண்டானாம். "பெல் அடிச்சேன் அங்கிள், பெல் அடிச்சேன் அங்கிள்" என்று அதையே சொல்லி அழுதானாம். பிறகு கைப்பிடியில் பொருத்தியிருந்த சிறிய மீட்டரைக் காட்டினானாம். இடத்துக்கு வந்த மேற்பார்வையாளரும் அதைப் பார்த்தார். அன்று அவன் போன அதிகபட்ச வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர்.

இந்த இடத்தில்தான் என் கோபம் சறுக்கியது. சிங்கப்பூரில் இப்படிப்பட்ட பொதுப்பாதைகளில் மிதிவண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். நடைபாதையில் 10, முன்பு அங்கே 15 ஆக இருந்ததை 2019 பிப்ரவரியில் குறைத்தார்கள். ஆக, பையன் சட்டத்தை மீறவில்லை. ஒரு கிலோமீட்டர் மிச்சம் வைத்தே வந்திருக்கிறான். அந்த நேரம் வேகம் அளக்கும் கருவியுடன் அதிகாரி ஒருவர் அதே வளைவில் நின்றிருந்தாலும் அவனைப் போக விட்டிருப்பார். அப்பாவின் எலும்பு முறிந்திருக்கும்.

யாரையாவது திட்டிக்கொண்டிருந்தால் மனம் ஆறியிருக்கும். திட்ட ஆள் இல்லாமற் போனதால் கணக்குப் போட உட்கார்ந்தேன். எங்கள் துறைப் பேராசிரியர் ஐயா, "படித்த படிப்பு எதற்கப்பா?" என்று சொல்லித் தாளும் பேனாவும் தந்தார்.

மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். எதிரே ஆள் நிற்பதைக் கண் கண்டு, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நொடியில் வண்டி 7 மீட்டர் போய்விடும். பிறகு நல்ல பிரேக், உலர்ந்த தரை என்றால் நிற்பதற்கு இன்னும் 6 மீட்டர். மொத்தம் 13. ஈர இலை கிடக்கும் மண்ணாயின் இன்னும் கூடும். கட்டுப் பிரித்த பின் அப்பா அந்த வளைவில் அடி வைத்து அளந்து சொன்னார்: வளைவைத் திரும்பிய பிறகு அவர் நின்ற இடம் எட்டு மீட்டர் தொலைவுகூட இல்லை. பதின்மூன்று மீட்டர் தேவைப்படும் வண்டிக்கு எட்டு மீட்டர் கொடுத்தால் அது என்ன செய்யும்? சட்டம் அனுமதித்த வேகத்தில், சட்டம் அனுமதித்த பாதையில், நிற்க முடியாத வண்டி அது. வேகம் மணிக்கு 10 ஆக இருந்திருந்தால் மொத்தம் நான்கு மீட்டருக்குள் நின்றிருக்கும். மோதியிருந்தாலும் மோதலின் ஆற்றல் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகத்தின் இருமடியில் ஆற்றல் வளரும் என்பதை நம் மாணவர் அறிவர்.

இந்த வகை வண்டி பிறந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்று அறியும் ஆவல் எழுந்தது. கிடைத்ததைப் படித்தேன். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து மரின் வட்டாரத்தில், 1970களில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் மிதிவண்டிகளை மலைக்கு ஏற்றிக்கொண்டு போய், மண்பாதையில் கீழ்நோக்கி விட்டார்கள். 1976 அக்டோபரில் 'ரீபேக்' என்ற பந்தயம் தொடங்கியது. ஏறக்குறைய 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்துப் பிரேக் கொதித்து, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போகுமாம்; மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்தான் அந்தப் பெயர். கேரி ஃபிஷர் என்பவர் 4 நிமிடம் 22 நொடியில் இறங்கினார். சராசரி எடுத்துப் பாருங்கள், மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டுகிறது! படித்தபோது எனக்கும் உடல் சிலிர்த்தது என்பதை மறைக்க மாட்டேன். வேகத்தின் இன்பம் எவருக்குத்தான் இல்லை?

பிறகு அந்த வண்டிகள் கடைக்கு வந்தன. 1980களில் உலகெங்கும் விற்றன. அதே மரின் மலைகளில் நடப்போரும் குதிரை ஏறுவோரும் மிதிவண்டியாளரும் ஒரே பாதையில் முட்டிக்கொண்டார்கள். டமல்பாயிஸ் மலையில் தண்ணீர் வாரியத்தார் தம் நிலத்திலுள்ள மண்சாலைகளில் மணிக்கு 15 மைல் என்று எல்லை வகுத்தார்கள். காவலர்கள் ரேடார் கருவியுடன் மரத்தடியில் நின்று அபராதம் எழுதினார்கள். 15 மைல் என்பது 24 கிலோமீட்டர். பூமியின் இரு கோடியில், வேறு வேறு காலத்தில், ஏறத்தாழ ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்! ஆனால் மரின்காரர்கள் இரண்டாவதாக ஓர் எண்ணையும் எழுதி வைத்தார்கள்: ஒருவரைக் கடக்கும்போதும், அப்புறம் தெரியாத வளைவிலும் 5 மைல். அதாவது 8 கிலோமீட்டர். நடப்பவரின் வேகத்தைவிடச் சற்றே கூடுதல்.

என் தந்தைக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டாவது எண். சிங்கப்பூரிலும் ஆளைக் கண்டால் வேகத்தைத் தணிக்க வேண்டும், நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்ற நெறி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 'தணி' என்பது சொல்; எண் அன்று. கருவியோ எண்ணை மட்டும்தான் பிடிக்கும். யாருமில்லாத நேர்ப்பாதையில் காலை ஐந்து மணிக்கு 28இல் போகிறவன் அதில் அகப்படுவான். கூட்டத்தினூடே 24இல் புகுந்து போகிறவன் தப்பிவிடுவான்.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"தம்பி, ஆபீசர் நிக்கிற அன்னிக்குப் பார்க்கணும். அத்தனை பேரும் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிப் போவாங்க. அவரு வண்டியில ஏறினதும் பழையபடி பறக்கும். எண்ணு எத்தனை போட்டா என்ன?"

"அப்போ என்னதான் செய்யணும்ங்கிறீங்க?"

"நடக்கிற பாதை வேற, ஓட்டுற பாதை வேறன்னு செஞ்சாத்தான் உண்டு."

அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. அங்கே 2016இல் திறந்த செஸ்ட்னட் இயற்கைப் பூங்காவில் நடப்போருக்குத் தனித் தடம், மலை மிதிவண்டிக்குத் தனித் தடம் அமைத்திருக்கிறார்கள். 2025 ஜூலை முதல், பக்கத்திலேயே மிதிவண்டிப் பாதை உள்ள நடைபாதைகள் நடப்போருக்கு மட்டுமே என்றாக்கிவிட்டார்கள். ஆனால் இடம் குறுகிய ஊரில் எல்லாப் பாதையையும் இரண்டாகப் பிளக்க முடியுமா? பிளந்தாலும், புல் வெட்டுகிறவர் இரண்டு பாதையின் ஓரத்திலும் நிற்க வேண்டியவர் அல்லவா? பாதை வகுப்போர் நடப்பவரை நினைக்கிறார்கள், ஓட்டுகிறவரை நினைக்கிறார்கள். அந்தப் பாதையில் வேலை செய்கிறவர் நினைவில் வருவதில்லை. காதை மூடிக்கொண்டு பாதையில் நிற்பவர் அவர் ஒருவரே.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன்.

பதினொன்றாம் வகுப்பில் எனக்கும் அரசின் விலையில்லா மிதிவண்டி கிடைத்தது. புதிய வண்டி. எங்கள் ஊர் வாய்க்கால் கரையில், இறக்கத்தில், காலை எடுத்துவிட்டு அது தானாகப் பாயும் சுகத்தை அனுபவித்தவர்க்கே தெரியும். ஒரு நாள் மாலை முன்னால் ஒரு பாட்டி தலையில் புல்லுக்கட்டுடன் போய்க்கொண்டிருந்தார். மணியடித்தேன். கட்டு இருபுறமும் சரிந்து காதை மூடியிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவும் முடியாது. கடைசி நொடியில் சத்தம் உணர்ந்து, ஒதுங்கக் கூடாத பக்கம் ஒதுங்கினார். என் கைப்பிடி கட்டில் பட்டு, கட்டு வாய்க்காலில் விழுந்தது; பாட்டி கரையில் உட்கார்ந்துவிட்டார். நான் நிற்கவில்லை. "காது கேக்கலையா கெழவி?" என்று கத்திவிட்டு மிதித்துப் போனேன்.

அந்தச் சிங்கப்பூர்ப் பையன் புல்லில் உட்கார்ந்து அழுததை அப்பா சொன்னபோது, அம்மா "நல்ல புள்ளை" என்றார். நான் எழுந்து வெளியே போனேன். இன்று வரை அம்மாவிடமோ அப்பாவிடமோ இதைச் சொல்லவில்லை. ஆண்டு மலர் வீட்டுக்கு வந்தால் அம்மா படிப்பார்.

அப்பாவின் கை கூடிவிட்டது. ஆறு வாரம் ஓவர்டைம் போயிற்று. தங்கையின் காதுத்தோடு அடகுக்குப் போய்த் திரும்பியது. மறுபடி அதே பூங்கா. இப்போது வளைவுக்கு இருபது அடி முன்னால் இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகளை அவரே வைத்துவிட்டுத்தான் மெஷினை இழுக்கிறார். அந்தப் பையன் சில சனிக்கிழமைகளில் வருகிறானாம். கூம்பைப் பார்த்ததும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அப்பாவின் எதிரே போய் நின்று கையை ஆட்டிவிட்டு, பிறகு ஏறிப் போகிறானாம்.

சென்ற மாதம் கல்லூரி விட்டு வரும்போது வாய்க்கால் கரையில் அந்தப் பாட்டியைப் பார்த்தேன். தலையில் புல்லுக்கட்டு. தூரத்திலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போய், எதிரே தெரியும்படி சுற்றி வந்து நின்றேன். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்ததா என்பதை அறியேன். கட்டுக்கு அடியிலிருந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்டா தம்பி இறங்கிட்டே? பஞ்சரா?" என்றார்.

"ஆமாம் பாட்டி" என்றேன். வீடு வரை தள்ளிக்கொண்டே போனேன்.