ரோதமுனி

கல்லூரி நினைவுகளை எழுதியனுப்புமாறு விழா மலர்க் குழுவினர் பணித்தனர். விளையாட்டுப் போட்டிகளையும் விடுதிச் சோற்றையும் பற்றி ஏனைய பழைய மாணவர் எழுதுவர். நாம் எழுதப்புகுவது, கல்லூரியிற் கற்ற ஒரு பாடத்தைப் பிழையாகப் பயன்படுத்திய கதை.

எமது சைவசமய பாட ஆசிரியர் மகேசுவர மூர்த்தங்கள் 25இனையும் மனனஞ் செய்விப்பார். சந்திரசேகரர், உமாமகேசர், இடபாரூடர் எனத் தொடங்கி இலிங்கோற்பவர் ஈறாகத் தடங்கலின்றி ஒப்புவித்தவர்க்கு ஒரு பென்சில் பரிசு. அப்பென்சிலை நாம் இருமுறை பெற்றோம். சிறுதெய்வ வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் நாவலர் பெருமான் கண்டித்தெழுதியவற்றையும் அவ்வாசிரியரிடமே கற்றோம். ஆகவே, 1966ஆம் ஆண்டில் இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானை மலைப்பகுதித் தோட்டமொன்றிற்கு உதவிக் கிளாக்கராகச் சென்றபோது, கைப்பெட்டியில் இரண்டு வேட்டிகளும் தலையில் சைவம் முழுவதும் கொண்டு சென்றதாகவே எமக்கு நினைப்பு.

அத்தோட்டத்தின் மேற்பகுதி தேயிலை, கீழ்ப்பகுதி இறப்பர். சப்பிரகமுவாவில் இது பரவலாகக் காணத்தக்கதே. தேயிலைத் தொழிற்சாலையைத் தொழிலாளர் 'ஸ்டோர்' என்பர். அதன் வாயிற்படியருகில், ஒரு பலாமரத்தடியில், முழங்கால் உயரக் கல்லொன்று நின்றது. பக்கத்தில் ஒரு சூலம்; சூலத்தின் முனைகளிற் காய்ந்த எலுமிச்சங்காய்கள். அதன் பெயர் ரோதமுனி என்றார்கள்.

'ரோதை' என்பது சிங்களத்திலிருந்து தோட்டத் தமிழில் ஏறிய சொல். சக்கரம் என்பது பொருள். முற்காலத்தில் ஓடை நீராற் சுழன்ற பெருஞ் சக்கரமே ஸ்டோர் இயந்திரங்களை இயக்கிற்று. பின்னர் எண்ணெய் எஞ்சின் வந்தது. கூரையின்கீழ் நீண்ட இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து தோற்பட்டைகள் இறங்கிக் கொழுந்தை அரைக்கும் ரோலர்களைச் சுழற்றும். வேட்டித் தலைப்போ சேலை முந்தானையோ அப்பட்டையில் அகப்பட்டால் ஆளையே இழுத்துக்கொள்ளும். மதுரை, திருச்சி, சேலத்துச் சீமைகளிலிருந்து வந்தோர் செம்முனி, வாழ்முனி, சடாமுனி என்று தம் ஊரிற் பல முனிகளை அறிந்திருந்தனர். ஆனால் இவ்வூர் அபாயத்துக்கு அவ்வூர் முனிகளுள் எவரும் பொறுப்பேற்கவில்லை. எனவே புதிதாக ஒரு முனி தோன்றினார். அவர் ஒருவரோடும் நிற்கவில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுங் காலத்திற் கவ்வாத்துச்சாமி, கொழுந்து துளிர்க்குங் காலத்திற் கொழுந்துச்சாமி எனத் தொழிலுக்கொரு திருமுகம். சிங்கப்பூரிலும் இரயில்வேத் தொழிலாளரே 1932இல் முனீசுவரருக்குக் கோயில் தொடங்கினர் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தோம். ஆபத்தான இரும்பு எங்குண்டோ அங்கெல்லாம் முனியும் உண்டு போலும்.

இவையெல்லாம் அன்று எமக்கு விளங்கவில்லை. அவ்வாண்டுப் பூசையன்று, சேவலும் சாராயமும் சுருட்டும் கல்லின்முன் வைக்கப்பட்டிருக்கக் கண்டு, கூடியிருந்தோர்க்கு நாம் ஒரு பிரசங்கஞ் செய்தோம். சிவபெருமானுக்கு மூர்த்தங்கள் 25, அவற்றுள் ரோதமுனி என ஒன்றில்லை, இது அறியாமை. இவ்வாறு கால்மணி நேரம். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பூசாரியாக நின்றவர் எஞ்சின் ஓட்டும் முதியவர். வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லாதவர். அவர் பணிவாக வினவினார்:

"அந்த இருபத்தஞ்சுல சக்கரத்துக்குன்னு ஒரு சாமி இருக்குங்களா, கிளாக்கரையா?"

"உண்டு. சக்கரப்பிரதர். திருமாலுக்குச் சக்கராயுதம் ஈந்தவர்" என்றோம், பென்சில் வாங்கிய பெருமையோடு.

"குடுத்தவரு இருக்காரு. நிறுத்துறவரு இருக்காருங்களா?"

விடை எம்மிடம் இல்லை. அவர் எம்மை மடக்குதற்காகக் கேட்கவுமில்லை. உண்மையிலேயே அறிய விரும்பினார். பின்பு, "சாமி ஒண்ணுதானுங்க. வேலைக்கு வேலை மொகம் மாறுது" என்று கூறிவிட்டுச் சூடம் ஏற்றினார். சூடம் எரிந்து தணியும்வரை எஞ்சின் நிறுத்தப்பட்டிருந்தது. ஆண்டில் அந்தச் சில நிமிடமாவது அந்தப் பட்டைகள் எவரையும் இழுக்கமாட்டா என்பதை அன்றிரவுதான் எண்ணிப் பார்த்தோம். சிவபெருமான் வேடனாக வந்த கிராத மூர்த்தமும் அந்த 25இல் ஒன்றென்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாடமாக்கியவற்றை எண்ணிப் பார்க்கும் வழக்கம் எமக்கு அதுவரை இருந்ததில்லை. அயற்கிராமத்துச் சிங்கள மக்களும் பத்தினித் தெய்வத்தை எழுவராகப் போற்றுவதைப் பின்னர் அறிந்தபோது, நாம் பிரசங்கஞ் செய்யப் போகவில்லை.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியிருந்தது. 1964 ஒக்டோபரில் இரு பிரதமர்களும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்பதாக விட்டது. மனுப்படிவங்களை நிரப்புவது எமது வேலைகளுள் ஒன்று. ஒரே லயத்து அறையிலிருந்து ஒரு மகனை இங்கும் ஒரு மகளை அங்குமாக எழுதிய கை இது. முதியவருக்கு 1973இல் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. இளைய மகன் மட்டும் இலங்கைப் பிரசையாக நின்றான்.

புறப்படுவதற்கு முதல்வாரம் அவர் கந்தோருக்கு வந்து, பூசை முறையை எழுதித் தரும்படி கேட்டார். மகனுக்கு வாசிக்கத் தெரியும். ஆயின் முறை தெரியாது. நாம் ஒரு முழுத்தாளை எடுத்தோம். அவர் நின்றபடியே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ரோதமுனிக்குக் கருஞ்சேவல், சூடம் தணியுமுன் எஞ்சினைத் தொடலாகாது. கவ்வாத்துச்சாமிக்குக் கத்திகளைக் கல்லின்முன் அடுக்கி வைத்து, பொங்கலிட்ட பின்பே முதற்செடியை வெட்டுதல். கொழுந்துச்சாமிக்கு முதற்கூடையில் ஒரு பிடி. பலி என்ற சொல்லை எழுதுகையில் எமது பேனா சற்றே தயங்கியது. அவரும் அதைக் கவனித்தார். இறப்பர் மலைக்கு எந்தச் சாமி என்று வினவினோம்.

"பால்மரத்துச் சாமிக்கு இன்னும் மொகம் தெரியலீங்க. சின்னவன் கண்டுக்குவான்" என்றார்.

அதையும் அப்படியே எழுதினோம். அவர் தலைமன்னாரிற் கப்பலேறினார். அதன்பின் ஒரு கடிதமும் வரவில்லை.

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. மறு ஆண்டு நாம் யாழ்ப்பாணம் திரும்பினோம். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளிற் தமிழர்மீது வன்செயல் நிகழ்ந்தது. எமது பழைய தோட்டத்து லயமும் எரிந்ததென்றும், முதியவரின் மகன் குடும்பத்தோடு வவுனியாப் பக்கம் போனானென்றும் கேள்விப்பட்டோம். அந்தத் தாளை எடுத்துச் சென்றானோ, அறியோம். எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது.

இரண்டாண்டுகளுக்கு முன், பேரனின் துணையோடு அத்தோட்டத்தைப் பார்க்கச் சென்றோம். ஸ்டோருக்குக் கூரையில்லை, எஞ்சின் இருந்த இடத்திற் குழிமட்டும் உண்டு. பலாமரத்தையுங் காணோம். கல்லையும் காணாமல் மனஞ் சோர்ந்து இறங்கி வருகையில், பிரதான வீதித் திருப்பத்தில், முச்சக்கர வண்டிகள் நிறுத்துமிடத்தில் அதனைக் கண்டோம். புதிதாக வெள்ளையடித்து, குங்குமமிட்டு, அதே சூலத்தோடு நின்றது. முன்பாக உடைத்த தேங்காய். ஒரு வண்டியின் சில்லின்கீழ் நசுங்கிய எலுமிச்சங்காய்.

தரிப்பிடத்தில் நின்ற இளைஞனிடம் சாமியின் பெயர் என்னவென்று கேட்டோம்.

"ரோட்டுமுனி ஐயா. இந்த ரோட்டுக்கே காவல்" என்றான். "அந்தக் காலத்திலயிருந்தே இங்கதான் இருக்கார்."

பேரன் எமது முகத்தைப் பார்த்தான்; அவனுக்கு இக்கதை முன்பே தெரியும். நாம் திருத்தவில்லை. தேங்காய் விற்கும் கடை எங்கேயென்று அவ்விளைஞனிடம் கேட்டோம்.