தம்பியின் ரத்தம்

காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பது என் வேலை. பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறேன். "நரம்பு கிடைக்கலையா சிஸ்டர்?" என்று தினமும் யாராவது கேட்பார்கள். ரத்தம் ஓடுகிற சிரையையும் வலியைச் சொல்கிற நரம்பையும் நாம் ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறோம். முழங்கை மடிப்பில் இரண்டும் அருகருகே போகின்றன. கொஞ்சம் ஆழத்தில் தமனியும் இருக்கிறது. இதைப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது, அதுவும் அடுத்தவர் கையில்.

தம்பிக்கு பிசிவி 57 வந்தபோது ரிப்போர்ட்டை அடித்துக் கொடுத்தது நான்தான். பிசிவி என்றால் ஹீமட்டோக்ரிட். ரத்தத்தை மெல்லிய குழாயில் ஏற்றிச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மேலே மஞ்சளாக பிளாஸ்மா நிற்கும். நூறு பங்கில் சிவப்பு எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண். ஆண்களுக்கு ஏறக்குறைய 40லிருந்து 50க்குள் இருக்கும்.

"ஜிம்ல ஏதாச்சும் போட்டுக்கறியாடா?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. எலும்பு மஜ்ஜையை அது சும்மா இருக்க விடாது, சிவப்பணுக்களைச் செய்யச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அப்பா பக்கவாதத்தில் நாலு வருஷம் படுத்துக் கிடந்துதான் போனார். அவன் பயம் எனக்குத் தெரியும். "கெட்டி ரத்தம்னா அடைச்சுக்கும்லக்கா? நீதான் தினம் எடுக்கறியே, எனக்கும் ஒரு அரை லிட்டர் எடுத்து விட்டுடேன்."

"லூசாடா நீ? டாக்டரைப் போய்ப் பாரு" என்று கத்தினேன். ஏன் கூடாது என்று சொல்லவில்லை. அவன் கேட்டதில் பாதி சரி என்பதுதான் சங்கடம். பாலிசைதீமியா வேரா என்ற நோய்க்கு, ரத்தத்தை வெளியே எடுத்து ஹீமட்டோக்ரிட்டை 45க்குக் கீழே வைத்திருப்பதுதான் சிகிச்சையே. அவன் அதை எங்கேயோ படித்திருந்தான். ரத்த வங்கிக்குப் போய் ஊசி விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான். டாக்டர் சீட்டு கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளியலறையில் ஏதோ விழுகிற சத்தம். நல்லவேளை, கதவை அவன் தாழ் போடவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. அவன் குழாய்க்கு அடியில் சுருண்டு கிடந்தான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ஆன்லைனில் வாங்கின ரத்தப் பையை வெட்டிவிட்டு டியூபை வாளிக்குள் விட்டிருந்தான். ஊசி கையிலேயே இருந்தது. ரப்பர் கட்டும் அப்படியே. ரத்தம் வந்துகொண்டே இருந்தது.

கட்டை அவிழ்த்தேன், ஊசியை உருவினேன், பஞ்சுகூட எடுக்கத் தோன்றாமல் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வேறொருத்தர் கையாக இருந்திருந்தால் நடுங்கியிருக்காது.

மயக்கம் என்பது ரத்ததானம் செய்கிறவர்களுக்கும் வருவதுதான். நாடி இறங்கும், பிரஷர் இறங்கும், கண் இருட்டும். சிலருக்குக் கை கால் வெட்டி இழுக்கும். அங்கே ஆள் படுத்திருப்பார், பை எடை பார்க்கிற மெஷினில் ஆடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் இருக்கிறவர் கிளாம்பை மூடிவிடுவார். இங்கே மூட வேண்டியவன்தான் மயங்கிக் கிடந்தான். அதுவும் டெஸ்டுக்கு நாங்கள் குத்துகிற ஊசியைவிட இரண்டு மடங்கு தடிமனான ஊசியோடு.

ஆஸ்பத்திரியில் "எவ்வளவு போயிருக்கும்?" என்று டாக்டர் கேட்டார். வாளியில் பாதி தண்ணீர் இருந்தது. தினமும் மில்லி கணக்குப் பார்க்கிற என்னாலேயே சொல்ல முடியவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தது அது நாலாவது தடவை என்று அப்புறம்தான் சொன்னான். ஃபெரிட்டின் 9 என்று வந்தது. ஒரு தடவை 450 மில்லி எடுத்தால் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து போய்விடும். சேமிப்பெல்லாம் காலி. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எந்நேரமும் அசதி. ரத்தம் மறுபடி கெட்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கிறான். ஊசியை மட்டும் நிறுத்தவில்லை.

டாக்டர் திட்டவில்லை. அது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. குறட்டை விடுவானா, சிகரெட் உண்டா என்று விசாரித்தார், ஜேஏகே2 மரபணு டெஸ்ட் எழுதினார். டெஸ்டில் ஒன்றும் இல்லை. டெஸ்டோஸ்டிரோனைத் திடீரென்று விட்டால் உடம்பு சொந்தமாகச் சுரக்க நாளாகும், சோர்வு வரும், மனசு தளரும், அதற்காகத் திரும்ப ஜிம் பக்கம் கை நீட்டாதே, என்னிடம் வா என்றார். நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

போன மாதம் லேபுக்கு வந்தான். இடது முன்கையில் ஒரு ரூபாய் அளவு இடம் இன்னும் மரத்தே இருக்கிறதாம். வலது கையை நீட்டினான். ரப்பரைக் கட்டித் தடவிப் பார்த்தேன். அவன் முகத்தைத் திருப்பிச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நரம்பு கிடைக்குதாக்கா?"

"பேசாம இருடா."