மீளாத மீட்பு

சென்ற காலம் திரும்பாது என்பது உலகோர் துணிபு. கணிப்பொறி செய்தோர் அதனை ஏற்றாரில்லை போலும். 2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் மில்லெனியம் பதிப்பு வெளிவந்தபோது 'சிஸ்டம் ரிஸ்டோர்' என்னும் மீட்பு வசதியை அதில் அமைத்தனர். கெட்டுப்போன இயந்திரத்தை, அது நலமாக இருந்த ஒரு நாளின் நிலைக்குத் திருப்பி அழைத்துச் செல்வது அதன் பணி. எவ்வளவு பெரிய ஆசை! ஆனால் 2001 செப்டம்பர் 8-க்குப் பின் உண்டான மீட்புப் புள்ளிகளுக்கு அந்த முதற் பதிப்பால் திரும்பிச் செல்ல முடியவில்லை. காலத்தை வெல்ல வந்த கருவி காலக் கணக்கிலேயே இடறிற்று. பின்னர்த் திருத்தம் வெளியிட்டுச் சரிசெய்தார்கள்.

நண்பர்களே, இம்மீட்பு வசதி கைகொடுக்க மறுத்தால் என்ன செய்வது என்பதைச் சென்ற விடுமுறையில் ஹனூரில் கற்றேன். நம்மில் பலருக்கு ஹனூர் என்றால் மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் பேருந்து நிற்கும் ஊர், அவ்வளவே. எனக்கு அது தாய்மாமன் ஊர். அவ்வூர் அந்நாளில் அடங்கியிருந்த கொள்ளேகாலம் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. 1997-இல் மைசூர் மாவட்டத்தினின்று சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனுள் சென்றது. வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே மாநிலம் மாறியவர் என் பாட்டி.

அந்தக் கதையைப் பாட்டி சொல்லச் சொல்ல மாமா கைப்பேசியில் பதிந்து, தம் ஜெராக்ஸ் கடைக் கணிப்பொறியில் சேர்த்து வைத்திருந்தார். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடியும் பேச்சு, இடையிடையே தாலாட்டு. பாட்டி மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. கைப்பேசியும் மாறிவிட்டது. அக்குரலுக்கு வேறு படி கிடையாது.

கடைக்குப் புதிய பிரிண்டர் ஒன்று வந்தது. அதனுடன் வந்த டிரைவரை நிறுவிய நாள்முதல் கணிப்பொறி திறந்த சில நிமிடங்களில் திரை கறுத்துப்போகும். மாமா மீட்பு வசதியை இயக்கினார். அரைமணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து, மீட்பு நிறைவேறவில்லை, எந்தக் கோப்பும் மாற்றப்படவில்லை என்று கை விரித்தது. பழுது பார்ப்பவரோ, "பார்மட் போட்டாத்தான் சரியாகும். உள்ளே இருக்கிறதெல்லாம் போயிரும்" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் போய் இறங்கியதும் மாமா கேட்ட முதற் கேள்வி: "ஏன் கண்ணு, அம்மா பேச்சும் போயிருமா?"

அதற்கு விடை சொல்லுமுன், இவ்வசதி எதைத் தொடும், எதைத் தொடாது என்பது தெரியவேண்டும். இயங்குதளத்தின் கோப்புகள், பதிவேடு, டிரைவர்கள், நிறுவிய மென்பொருள்கள் ஆகியவற்றையே அது முன்னிலைக்குக் கொண்டு செல்லும். நம் கட்டுரைகளையும் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் அது தீண்டாது. அழிக்கவும் செய்யாது; அழிந்ததைக் கொண்டு வரவும் செய்யாது. விடுதியில் ஆய்வேட்டைத் தவறி அழித்துவிட்டு மீட்புப் புள்ளியைத் தேடும் அன்பர்கள் இதைச் சற்று மனத்தில் கொள்ளவேண்டும்.

ஆகவே அஞ்ச வேண்டியது பார்மட்டுக்கே. என்றாலும் நோயுற்ற இயந்திரத்தை நம்பிப் பயனில்லை. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீலத்திரை வரும். அதில் டிரபிள்ஷூட் வழியே உள்ளே சென்று, ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 4-ஆம் எண்ணை அழுத்தினால் 'சேப் மோடு' திறக்கும். இன்றியமையாத டிரைவர்கள் மட்டுமே அங்கே எழும், ஏனையவை உறங்கும். பிரிண்டரின் டிரைவரும் உறங்கியது, திரையும் கறுக்கவில்லை. பாட்டியின் பதிவுகளை முதலில் இரண்டு பென்டிரைவுகளில் நகலெடுத்தேன். மாமா அருகிலேயே நின்று, நகல் முடியும்வரை பேசவில்லை.

பிறகுதான் ஆராய்ச்சி. மீட்புப் புள்ளிகள் இருக்கின்றனவா? மூன்று இருந்தன. இது நல்வினைப் பயன் என்றே சொல்லவேண்டும். விண்டோஸ் 10-இலும் 11-இலும் பல கணிப்பொறிகளில் இவ்வசதி தொடக்கத்தில் அணைந்தே கிடக்கும். ஒதுக்கிய இடம் நிறைந்துவிட்டால் பழைய புள்ளிகள் தாமாகவே நீங்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் திருத்தத்துக்குப் பின், எப்புள்ளிக்கும் 60 நாளே ஆயுள். இன்னொன்று: "ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டால் சரியாகும்" என்ற நம் நாட்டு வைத்தியத்தை இங்கே செய்யவே கூடாது. சிஸ்டம் புரொடெக்‌ஷனை அணைத்தால் இருக்கும் புள்ளிகள் அனைத்தும் அழியும். மாமாவின் கை அந்தப் பொத்தான் வரை சென்றதாம். வாடிக்கையாளர் ஒருவர் ஆதார் நகலுக்கு வந்ததால் தப்பியது!

தோல்விச் செய்தியை முழுதும் படிக்க எவருக்கும் பொறுமை இல்லை. அதன் அடியிலேயே காரணம் எழுதியிருந்தது: வைரஸ் தடுப்பு மென்பொருள் இயங்கிக்கொண்டிருக்கலாம் என்று. தன் கோப்புகளை எவரும் மாற்றாதவாறு காப்பது அதன் இயல்பு. மீட்பு வந்து மாற்ற முயலும்; காவலன் விடமாட்டான். திருடனுக்கும் வைத்தியருக்கும் வேற்றுமை அறியாத காவல்! சேப் மோடில் பெரும்பாலும் அக்காவலன் உறங்குவதால் அங்கிருந்தே மீட்பை இயக்குவது உகந்தது. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, ஆர்.எஸ்.டி.ஆர்.யு.ஐ. என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சு செய்தேன். பிரிண்டர் வருவதற்கு முந்திய புள்ளியைத் தேர்ந்தேன். அந்நாளுக்குச் சென்றால் எம்மென்பொருள்கள் நீங்கும் என்று காட்டும் பொத்தான் ஒன்று உண்டு. அதில் டிரைவரின் பெயரைக் கண்ட பின்பே தொடங்கினேன். விண்டோஸ் அறவே எழாத நிலையிலும் முன்சொன்ன நீலத்திரையில் மீட்பு வசதி கிடைக்கும். எங்களுக்கு அதுவரை செல்லத் தேவைப்படவில்லை.

நாற்பது நிமிடங்கள். கடைக்கு வந்தவர்களையெல்லாம் மாமா தேநீர் வாங்கிக் கொடுத்து அமர்த்தி வைத்திருந்தார். இறுதியில் மீட்பு முடிந்தது என்ற செய்தி வந்தது, திரை கறுக்கவில்லை. வேறு டிரைவர் கிடைக்கும்வரை புதிய பிரிண்டர் பெட்டிக்குள் போயிற்று.

மாலையில் மாமா மூன்றாவதாக ஒரு பென்டிரைவ் வாங்கி வந்தார். அதில் பாட்டியின் குரலை ஏற்றி, துணியில் சுற்றி, மலைவழியாகப் பாலாற்றைக் கடந்து செல்லும் பேருந்தில் தெரிந்த நடத்துநர் கையில் கொடுத்து, மேட்டூரில் இருக்கும் சித்திக்கு அனுப்பினோம்.