நான் அடைத்த குழாய்

கொஞ்சம் நீளமான பதிவு. உங்கள் டீச்சர் செய்த தப்பைப் பற்றியது என்பதால் கடைசிவரை படிப்பீர்கள் என்று தெரியும்!

கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. இங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க, கேஸில் எரியும் ஃபர்னஸ் என்று ஒன்று பீரோ அளவுக்கு இருக்கிறது. பேஸ்மென்டில் ஒரு சின்ன அறையில் அதுவும், பக்கத்திலேயே கேஸ் வாட்டர் ஹீட்டரும் நிற்கின்றன. இரண்டின் புகையும் ஒரே புகைபோக்கி வழியாகக் கூரைக்கு மேலே போகும். அடுத்த அறையில்தான் என் படுக்கை.

ஜனவரிக் குளிரில் அந்த அறைக் கதவிடுக்கு வழியாக ஜில்லென்று காற்று வந்தது. போய்ப் பார்த்தால், வெளிச்சுவரிலிருந்து இறங்கிய ஒரு தகரக் குழாய் குளிர்காற்றைக் கொட்டிக்கொண்டிருந்தது. 'சூட்டுக்குக் காசும் கொடுத்துவிட்டு, குளிரையும் உள்ளே விடுகிறார்களே' என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பழைய சுங்குடிச் சேலை ஒன்றைச் சுருட்டி அதன் வாயில் திணித்தேன். சிக்கனமாகக் குடும்பம் நடத்தியவள் என்ற பெருமை வேறு.

அதன்பின் சில நாள் காலையில் தலைவலி. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் குழாயால்தான் என்று இன்றும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஃபர்னஸ் பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று மாப்பிள்ளை இரண்டு இடத்தில் விலை கேட்டார். முதலில் வந்தவர் பத்து நிமிடம் பார்த்துக் குறைந்த விலை சொல்லிப் போனார். அடுத்து வந்தவர் யாழ்ப்பாணத்துத் தம்பி. உள்ளே நுழைந்ததும், "ஆரம்மா இதுக்குள்ள சீலையை அடைச்சது?" என்றார்.

"நான்தான் தம்பி. குளிர் வருதே."

அவர் திட்டவில்லை. ஊதுபத்தி கேட்டார். மேலே சமையலறை ஃபேனையும் துணி உலர்த்தும் மெஷினையும் போடச் சொன்னார். எரிந்துகொண்டிருந்த வாட்டர் ஹீட்டரின் மேல்வாய் அருகே பத்தியைக் காட்டினார். மேலே போக வேண்டிய புகை எங்கள் முகத்துக்குத் திரும்பியது. சேலையை உருவினார். கொஞ்ச நேரத்தில் புகை ஒழுங்காக மேலே ஏறியது.

"ஃபேன் காத்தை வெளிய தள்ளுது. அதுக்கு ஈடா எங்கயாலும் உள்ள வரத்தானே வேணும்? இதை அடைச்சால் புகைபோக்கியால வரும். நச்சுப் புகையையும் கொண்டு வரும்."

எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. எரியும் மெழுகுவர்த்தி மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அது அணைவதை வருடம் தவறாமல் உங்களுக்குக் காட்டியவள் நான். ஒரு கன அடி கேஸ் எரிய ஏறக்குறைய பத்து கன அடி காற்று வேண்டும். போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும்.

2008-ல் இதே ஒன்டாரியோ மாகாணத்தின் உட்ஸ்டாக் ஊரில், கேஸ் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரே வீட்டில் தாய், தந்தை, இரு பிள்ளைகள் இறந்தார்கள். வீட்டில் அலாரம் இல்லை. 2014 முதல் இங்கே படுக்கும் அறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். எங்கள் வீட்டில் மாடியில் இருந்தது. நான் படுத்த இடத்தில் இல்லை.

இன்னொன்றும் அந்தத் தம்பி சொன்னார். புது ஃபர்னஸ் சூட்டை ஏறக்குறைய முழுதும் எடுத்துக்கொள்ளும். மிச்சப் புகை ஆறிப்போயிருப்பதால் தானாக மேலே ஏறாது. ஃபேன்தான் பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பக்கச் சுவருக்கு வெளியே தள்ளும். இன்னொரு குழாய் வெளியிலிருந்து காற்றை இழுக்கும். நல்லதுதான். ஆனால் பெரிய புகைபோக்கியில் வாட்டர் ஹீட்டர் தனியாக மாட்டிக்கொள்ளும். அதன் கொஞ்சப் புகை பாதி வழியிலேயே குளிர்ந்து திரும்பலாம். அதனால் புகைபோக்கிக்குள் அளவான உலோகக் குழாய் இறக்க வேண்டும். முதலில் வந்தவர் இதைச் சொல்லவேயில்லை. விலை குறைந்த காரணம் அப்போதுதான் புரிந்தது. மாப்பிள்ளை யோசித்தார். "பேத்தி விளையாடுற இடம் மாப்பிள்ளை" என்றேன். சரி என்றார்.

இப்போது எல்லாம் முடிந்தது. கீழேயும் அலாரம் மாட்டியாயிற்று. வாட்டர் ஹீட்டருக்காகத் தகரக் குழாய் திறந்தே இருக்கிறது. பனி கொட்டினால் வெளிக்குழாய்களின் வாயை மூடாமல் தள்ளிவிடுவது என் பேத்தியின் வேலை.

நம் ஊரில் குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதாது; புகை வெளியே போகக் குழாயும், காற்று உள்ளே வர வழியும் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அதைக் குளியலறைக்கு வெளியே மாற்றுங்கள்.

தெரியாவிட்டால் கையைத் தூக்கிக் கேளுங்கள் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அன்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்