பையன் யார்கிட்ட, கையெழுத்து யாரோடது?

நம்ம பி.காம் சிலபஸ்ல சட்டத்துக்குக் குறைச்சலே இல்லை. ஒப்பந்தச் சட்டம், கம்பெனிச் சட்டம், வருமான வரி... ஆனா குடும்பச் சட்டம் கிடையாது. ஒரே ஒரு இடத்துல மட்டும் அது எட்டிப் பார்க்கும். வருமான வரியில 'கிளப்பிங்' பாடம் ஞாபகம் இருக்கா மக்களே? மைனர் குழந்தை பேருல வர்ற வட்டியை, அப்பா அம்மா ரெண்டு பேர்ல யாருக்கு வருமானம் அதிகமோ அவங்க கணக்குல சேர்க்கணும். கல்யாணம் முறிஞ்சு போயிருந்தா, அந்த வருஷம் குழந்தையை யார் பராமரிச்சாங்களோ அவங்க கணக்குல. சார் இதை ஒரே வரியில சொல்லிட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டார். பரீட்சைக்கு அது போதும். வீட்டுல பிரச்சனை வந்தப்ப போதலை.

என் பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா. அவளும் அத்தானும் ரெண்டு வருஷமா தனித்தனியா இருக்காங்க. டைவர்ஸ் இன்னும் ஆகலை. பையனுக்கு நாலு வயசு, அக்காகிட்டதான் இருக்கான். கொஞ்ச நாள் முன்னாடி அவன் பேருல சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்க ஒரு வங்கிக்குப் போனா. துணைக்கு நான். கவுண்டர்ல இருந்தவர் ஃபாரத்தைப் பார்த்துட்டு "அப்பா கையெழுத்து எங்கம்மா?"ன்னார். "அவர் எங்ககூட இல்லைங்க"ன்னதும், "அப்ப கோர்ட் ஆர்டர் கொண்டாங்க"ன்னு ஃபாரத்தைத் தள்ளி விட்டுட்டார். வெளிய வந்து அக்கா கேட்டா: "அப்ப இவன் என் பிள்ளை இல்லையாடா?"

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பிச்சேன். (நான் வக்கீல் இல்லைங்க. இதைப் படிச்சுட்டு யாரும் நேரா கேஸ் போட்டுடாதீங்க, ஒரு வக்கீலைப் பாருங்க.)

இந்துக்களுக்கான 1956-ஆம் வருட மைனர், காப்பாளர் சட்டம் 6-ஆவது பிரிவுல, குழந்தையோட இயற்கைக் காப்பாளர் 'அப்பா, அவருக்குப் பிறகு அம்மா'ன்னு இருக்கு. அந்தப் 'பிறகு'க்குத்தான் ஒரு பெரிய கேஸே நடந்திருக்கு. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-ல தன் மகன் பேருல ரிசர்வ் வங்கியோட 9 சதவீத ரிலீஃப் பத்திரம் வாங்க விண்ணப்பிச்சாங்க. காப்பாளர்னு அவங்களே கையெழுத்துப் போட்டிருந்தாங்க. கணவருக்கும் அதுல சம்மதம்தான். ஆனா வங்கி, அப்பா கையெழுத்து வேணும், இல்லேன்னா காப்பாளர் சான்றிதழ் வேணும்னு திருப்பி அனுப்பிடுச்சு. அவங்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 1999-ல தீர்ப்பு. 'பிறகு'ன்னா அப்பா செத்த பிறகு இல்லை, அப்பா 'இல்லாதபோது'ன்னு அர்த்தம். எங்கேயோ தள்ளி இருந்தாலும், பிள்ளை விஷயத்துல அக்கறையே காட்டாம இருந்தாலும், ரெண்டு பேரும் பேசிப் பொறுப்பை அம்மாகிட்ட விட்டிருந்தாலும் அது 'இல்லாதது'தான்.

எனக்கு இதுல பாதி சந்தோஷம்தான். அப்பா முதல், அம்மா அடுத்துங்கற வரிசை அப்படியேதான் இருக்கு, அர்த்தத்தை மட்டும் தளர்த்தியிருக்காங்க. இன்னொரு வேடிக்கை, வங்கி டெபாசிட் கணக்குக்கு அம்மா காப்பாளரா இருக்கலாம்னு அதே ரிசர்வ் வங்கி 1976-லயே சுற்றறிக்கை விட்டிருக்கு! 2025 ஏப்ரல்ல வந்த சுற்றறிக்கையிலயும் அதைத் திரும்பச் சொல்லியிருக்காங்க. அதை பிரிண்ட் எடுத்துட்டுப் போனோம். மேனேஜர் ரெண்டு தடவை படிச்சார். கணக்கு ஆரம்பிச்சாச்சு.

ஆனா வீட்டுப் பஞ்சாயத்து இதை விடப் பெருசு. பெரியவங்க எல்லாம் கூடி ஒரு 'நல்ல' யோசனை சொன்னாங்க. அவ ஜீவனாம்சம் கேட்காம இருந்தா, அவன் பிள்ளையைக் கேட்க மாட்டான். ரெண்டு பக்கமும் சரியாப் போச்சாம். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி!

நான் படிச்ச வரைக்கும் இந்தக் கணக்கே தப்பு. காப்பாளர்ங்கறது ஒண்ணு. குழந்தை யார்கிட்ட வளருதுங்கற கஸ்டடி வேற. செலவுக்குப் பணம் வேற. ஒண்ணைக் கொடுத்து இன்னொண்ணை வாங்க முடியாது. ஏன்னா மூணுமே அக்காவுக்கும் அத்தானுக்கும் சொந்தமில்லை, பையனோடது.

கஸ்டடியில, அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தை சாதாரணமா அம்மாகிட்ட இருக்கணும்னு அதே 6-ஆவது பிரிவு சொல்லுது. அஞ்சு முடிஞ்ச மறுநாள் அப்பா வந்து தூக்கிட்டுப் போகலாம்னு எங்க சித்தப்பா அடிச்சுச் சொல்றார். அப்படி எல்லாம் இல்லை. அதுக்கப்புறமும் குழந்தையோட நலன்தான் முதல்னு 13-ஆவது பிரிவு இருக்கு. விவரம் தெரிஞ்ச வயசுன்னா குழந்தையோட விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். மத்த மதத்தவங்களுக்கு அவங்கவங்க தனிச்சட்டமும் 1890-ஆம் வருட காப்பாளர் சட்டமும். அங்கேயும் நலன்தான் பேச்சு. கஸ்டடி உத்தரவு கல்லுல எழுதினதும் இல்லை. நிலைமை மாறினா மாத்தலாம்னு 1973-லயே ரோஸி ஜேக்கப் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

பணத்துக்கு எல்லா மதத்துக்கும் பொதுவான வழி ஒண்ணு இருக்கு. முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்துல 144-ஆவது பிரிவு. மத்தியச் சட்டத்துல 2001 வரைக்கும் மாசம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. ஐந்நூறு! இப்ப வரம்பு கிடையாது. உத்தரவு வந்தும் காரணமில்லாம கட்டலேன்னா வாரண்ட், அப்பவும் கட்டலேன்னா ஜெயில்.

"அவதான் வேலைக்குப் போறாளே"ன்னு ஒரு குரல் வந்துச்சு. அக்கா சம்பாதிச்சா அத்தானோட பொறுப்பு காணாமப் போயிடாது. 2000-ல பத்மஜா சர்மா வழக்குல அப்பா சம்பளம் அம்மா சம்பளத்தைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பிள்ளைங்க செலவை 2:1-ல பிரிச்சுக்கங்கன்னுட்டாங்க. நம்ம பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் கணக்கு மாதிரியே இருக்குல்ல?

அதே நியாயம் எதிர்ப்பக்கமும் உண்டு. இதைச் சொன்னப்ப அக்காவுக்கே கொஞ்சம் கோபம். பணம் வரலேன்னு பிள்ளையைக் காட்டாம வைக்கவும் கூடாது. அப்பாவைப் பார்க்கறதும் பையனோட உரிமைதான். தூரத்துல இருக்கற பெற்றோர் போன்லயாவது வீடியோ கால்லயாவது பேச வழி செய்யணும்னு 2020-ல யஷிதா சாஹு வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டினேன். ரெண்டு நாள் என்கூடப் பேசலை. மூணாவது நாள் அவளே அத்தானுக்கு மெசேஜ் அனுப்பிட்டா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூப்பிடச் சொல்லி. பெரியவங்களோட யோசனையை வேண்டாம்னும் சொல்லிட்டா. "எனக்கு வேணாம்னு நான் சொல்லலாம். அவனுக்கு வேணாம்னு நான் எப்படிச் சொல்றது?"ன்னா. பெரியப்பா எந்திரிச்சுப் போயிட்டார்.

இப்ப வக்கீல் ஒரு படிவம் கொடுத்திருக்கார். 2020-ல ரஜ்னீஷ் - நேஹா வழக்குக்கப்புறம் பராமரிப்பு கேட்கறவங்களும் கொடுக்க வேண்டியவங்களும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமாத் தரணும். கிட்டத்தட்ட ஒரு பேலன்ஸ் ஷீட். அதனால நிரப்பற வேலை என் தலையில. வாடகை, நகைக்கடன், எல்.ஐ.சி. எல்லாம் போட்டாச்சு. பையனோட மாசச் செலவுதான் பாக்கி. ஃபீஸ், வேன், பால், டாக்டர் வரைக்கும் எழுதியிருக்கேன். தெருமுனை கடையில அவன் தினமும் அடம்பிடிச்சு வாங்கற அஞ்சு ரூபா முறுக்கையும் சேர்க்கச் சொல்றா அக்கா. மாசம் நூத்தம்பது வருது.