பச்சை சொல்லும் பாடம்!

மெல்லிசா ‘ஃபைன் லைன்’ டாட்டூ குத்த ஆசையா பாஸ்? அதுக்கு முன்னாடி வைகைப் பாலத்தைத் தாண்டி எங்க செல்லூருக்கு ஒரு நடை வாங்க. தறிச் சத்தத்துக்கு நடுவுல, திண்ணையில வெத்தலை இடிக்கிற எங்க அப்பத்தாவோட கையைப் பாருங்க.

விளக்குக் கரியில், குறவர் வீட்டுப் பெண் குத்திவிட்ட பச்சை. புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வெச்ச கோலம், அம்பது வருஷம் தாண்டியும் கோலமாவே இருக்கு. பக்கத்துல பொடிப்பொடியா நெருக்கி எழுதின தாத்தா பேரு? வெறும் கறை! வாயால சொல்லாத பேரை, ‘‘படிச்சுச் சொல்லுய்யா’’னு கேட்டாங்க. என்னால முடியலை.

தோலுக்குள்ள இருக்கிற செல்கள்தான் மையை விழுங்கி வெச்சிருக்கு. ஒரு செல் செத்தா, சிந்துற மையை அடுத்தது விழுங்கிடும்னு 2018-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகள்ல கண்டுபிடிச்சாங்க. அதான் பச்சை அழியறதில்லை. ஆனா, வருஷம் போகப் போக கோடு பரவித் தடிக்கும். அதனால கோடுகளுக்கு நடுவுல இடம் விடுங்க; விரல், உள்ளங்கை வேண்டாம்; வெயில் படாம பாத்துக்கோங்க. புது ஊசியை உங்க கண் முன்னாடியே பிரிக்கச் சொல்லுங்க.

நாலு வரி எழுத நினைச்ச நான், இப்ப ஒரே எழுத்துக்கு வந்துட்டேன். தாத்தா பேரோட முதல் எழுத்து... அப்பத்தா கண்ணுக்குத் தெரியற சைஸ்ல!